ஆறாத தழும்பில் வந்த புற்றுநோய்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாலை. வார்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "என்ர உடம்பில எதிர்ப்புச் சக்தி இல்லாததாலயா டொக்டர் எனக்கு இது வந்தது?" கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் மா டின் ஒன்று இருந்தது. மகள் கடன் வாங்கி வாங்கியது. நான் "அப்படி இல்லை அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதற்குச் சரியாகப் பதில் சொல்ல அரை மணித்தியாலமாவது வேண்டும். பிறகு ஒரு நாள் கிளினிக்கில் உட்கார்ந்து சொன்னேன். அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயாளியின் கதை

வயது 45. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளியைத் தாண்டிய கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். கருவாட்டு வாடியில் வேலை. மீனைக் கீறி, கழுவி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பி, மாலையில் அள்ளுவது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கால் உப்புத் தண்ணீரிலும் சுடுமணலிலும்தான்.

1991ஆம் ஆண்டு, 13 வயதில், இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலில் குடும்பத்தோடு இருந்தபோது குப்பிலாம்பு தட்டுப்பட்டு விழுந்திருக்கிறது. உடுத்தியிருந்தது நைலோன் பாவாடை. வலது முழங்காலின் பின்புறத்திலிருந்து கெண்டைக்கால் வரை எரிந்து, நைலோன் உருகித் தோலோடு ஒட்டிவிட்டது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் சிகிச்சை நடக்கவில்லை. புண் தானாகவே மெல்ல மெல்ல மூடியது. மூடும்போது தழும்பு சுருங்கி, முழங்காலை முழுதாக நீட்ட முடியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

குப்பிலாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மருந்துப் போத்தலோ மதுப் போத்தலோ எதுவானாலும், மூடியில் துளை போட்டுத் திரியை விட்டு எரித்த காலம் அது. உயரமான போத்தல் சற்றுத் தட்டினாலே சரியும், உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும். அதனால் எரிந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்துக் குட்டையான, கனமான, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு இந்த அக்காவின் கொட்டிலில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

தழும்பின் பிறகான வாழ்வை அவர் ஒரே வரியில் சொன்னார்: "கச்சானுக்கு வெடிக்கும், மாரிக்கு மூடும்." மே மாதம் தொடங்கி மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எங்கள் பக்கத்தில் சாதாரணத் தோலையே உலர்த்திவிடும். ஆழமாக எரிந்த தழும்பில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. அது முழங்கால் மடிப்பில் வேறு இருக்கிறது. மடக்கி நீட்டும் ஒவ்வொரு தடவையும் இழுபடும். வெடித்து, நீர் வடிந்து, மழைக்காலத்தில் மூடி, அடுத்த கச்சானில் மறுபடி வெடிக்கும். இப்படி 30 வருடம்.

2021 மாரிக்கு அது மூடவில்லை.

2022 பெப்ரவரியில் மருந்து கட்ட வரத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள். அந்த வருடத்தின் நடுப்பகுதி எப்படி இருந்தது என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் வரிசை, ஓடாத பஸ்கள், மருந்துத் தட்டுப்பாடு. வர முடியாத வாரங்களில் வீட்டிலேயே உப்புத் தண்ணீரில் கழுவித் துணி கட்டியிருக்கிறார். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் கழுவினால் ஆறும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு முறை அங்கேயும் போயிருக்கிறார். நான் அவரை ஏசவில்லை. போகக்கூடிய இடத்துக்குத்தானே மனிதர் போவார்?

2022 ஒக்டோபரில் புண்ணின் நடுவிலிருந்து ஒரே ஒரு துண்டு சதை எடுத்துப் பயொப்ஸிக்கு அனுப்பப்பட்டது. முடிவு: நாட்பட்ட அழற்சி (காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடம்பு காட்டும் சிவப்பும் வீக்கமும்), புண் ஆறும்போது வளரும் சதை, புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை. நவம்பரில் அந்த அறிக்கையைப் படித்தவன் நான். படித்துவிட்டு, "மருந்து கட்டுவதைத் தொடரவும்" என்று கிளினிக் கொப்பியில் எழுதியதும் நான்தான். அந்தக் கையெழுத்து இப்போதும் கொப்பியில் இருக்கிறது. பயொப்ஸி முடிவு தவறில்லை. எடுத்த இடத்தில் இருந்ததை அது சரியாகச் சொன்னது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பரிசோதனையில் கண்டது

2023 ஏப்ரலில் மறுபடி பார்த்தபோது புண் 7 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம். ஓரம் தடித்து, வெளிப்பக்கமாக மடிந்து, பூக்கோவாப் பூப்போலக் கரடுமுரடாக எழும்பி இருந்தது. தொட்டால் கல்லுப்போல் இறுக்கம். இலேசாகத் துடைத்தாலும் இரத்தம் வந்தது. அந்த மணம், ஒரு முறை முகர்ந்தவருக்கு மறக்காது. முன்பு உணர்ச்சி மரத்துப்போன தழும்பில் இப்போது இரவில் நோவும் இருந்தது. வலது அரையில், அதாவது தொடை இடுக்கில், ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அளவில் ஒரு நிணநீர்க் கணு, அசையக்கூடியதாக.

எக்ஸ்ரேயில் எலும்புக்குச் சேதம் இல்லை. சீனி நோய் இல்லை. ஹீமோகுளோபின் 9.2. இரும்புச் சத்துக் குளிசையை எட்டு மாதமாக ஒழுங்காக விழுங்கியும் அது ஏறவில்லை. ஆனால் இரத்தத்தில் சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு உயர்ந்திருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் 78. அதையே காட்டும் சிஆர்பியும் பல மடங்கு கூடியிருந்தது. வெள்ளைக் கலங்களில் நூற்றுக்கு 78 நியூட்ரோபில், 13 லிம்போசைட்.

இந்த இலக்கங்களை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அக்காவின் கேள்விக்கான பதிலின் பாதி இங்கேயே கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பின் இரத்தம் இப்படி இருக்காது. இது இரவு பகலாக வேலை செய்துகொண்டிருந்த எதிர்ப்புத் தொகுதி. புண்ணில் இருக்கும் பெருவிழுங்கிகள் (கிருமிகளையும் இறந்த கலங்களையும் விழுங்கும் எதிர்ப்புக் கலங்கள்) இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனை, அதாவது கலங்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதத்தை, ஓயாமல் விடுகின்றன. அது ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது. ஈரல் ஒரு பக்கம் சிஆர்பியைச் செய்கிறது, இன்னொரு பக்கம் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் செய்கிறது. ஹெப்சிடின் உடம்பின் இரும்பைக் களஞ்சியத்துக்குள் வைத்துப் பூட்டிவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பது உடம்பின் பழைய யுக்தி. ஆனால் பூட்டு மாதக்கணக்கில் திறக்காவிட்டால் இரத்தக் கலங்களைச் செய்யும் எலும்பு மச்சைக்கும் இரும்பு கிடைக்காது. இரும்பு நிறைய இருந்தும் இரத்தச் சோகை. காலில் ஓர் உள்ளங்கை அளவு புண், அவருடைய முழு உடம்பையும் அழற்சிக்குள் வைத்திருந்தது.

இரண்டாம் பயொப்ஸி

இந்த முறை ஓரத்தின் நான்கு திசையிலிருந்தும் நான்கு துண்டுகள், நடுவிலிருந்து ஒன்று, எல்லாம் ஆழமாக. நடுத்துண்டில் முன்பு போலவே அழற்சி மட்டும். ஓரத்தின் மூன்று துண்டுகளில், தோலின் மேற்படைக் கலங்களில் தொடங்கும் செதிட்கலப் புற்றுநோய், நடுத்தர முதிர்ச்சி உள்ளது.

பழைய தழும்பில், முக்கியமாகத் தீக்காயத் தழும்பில் இப்படி வருவதற்கு மார்ஜொலின் புண் என்று பெயர். பிரெஞ்சுச் சத்திரசிகிச்சையாளர் ஜோன் நிக்கொலா மார்ஜொலின் 1828இல் தழும்பில் தோன்றும் புண்களை விவரித்தார். அது புற்றுநோய் என்று அவர் எழுதவில்லை. பெயர் சூட்டியது 1903இல் டா கொஸ்தா என்ற அமெரிக்கர். தீக்காயத் தழும்புகளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இது வரும் என்பது பாடநூல்களில் வழக்கமாகக் காணும் கணக்கு. பெரும்பாலும் தோல் ஒட்டாமல் தானாக மூடிய தழும்புகளில், கால்களில், மூட்டு மடிப்புகளில். எரிந்ததற்கும் புற்றுநோய்க்கும் இடையில் 30 வருடம் என்பது மிகவும் சாதாரணம். ஆக, இந்த அக்காவின் காலில் இருந்தது பாடநூலில் உள்ளது உள்ளபடி. அதனால்தான் தவறவிட்டது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

நோயியல் நிபுணர் என்னைக் கூப்பிட்டு வில்லையை நுணுக்குக்காட்டியில் காட்டினார். இளஞ்சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய திசு. புற்றுநோய்க் கலங்கள் தீவு தீவாக உள்ளே இறங்கியிருந்தன. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ, "தீவைப் பார்க்காதேங்கோ, கடலைப் பாருங்கோ" என்றார். தீவுகளைச் சுற்றி நெருக்கமாக நின்றவை எல்லாம் எதிர்ப்புக் கலங்கள். கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்த நியூட்ரோபில்கள். நீலப் புள்ளிபோல லிம்போசைட்டுகள். கரு ஒரு பக்கம் ஒதுங்கிய பிளாஸ்மாக் கலங்கள். நுரைத்த உடலோடு பெருவிழுங்கிகள். அந்த வில்லையில் புற்றுநோய்க் கலங்களை விட எதிர்ப்புக் கலங்களே கூட இருந்தன.

அவை அங்கே என்ன செய்துகொண்டிருந்தன?

அந்தச் சாயத்தில் ஒரு கலம் எந்த இனம் என்று தெரியும், என்ன வேலையில் இருக்கிறது என்று தெரியாது. அதற்கான விசேட சோதனைகளை இந்த நோயாளிக்குச் செய்யவில்லை. எனவே கீழே சொல்வது இந்த வகைப் புண்களையும் கட்டிகளையும் பற்றிப் பொதுவாக அறிந்தவை.

ஆற வந்த கலங்கள்

சும்மா ஒரு வெட்டுக்காயத்தை எடுத்துக்கொள்வோம். சில மணித்தியாலத்துக்குள் நியூட்ரோபில்கள் வந்து குவியும். கிருமியைக் கொல்ல அவை ஒட்சிசனின் தாக்கம் மிக்க வடிவங்களையும், திசுவைக் கரைக்கும் நொதியங்களையும் கொட்டும். ஓரிரு நாளில் அவை இறந்துபோகும். பின்னால் வரும் பெருவிழுங்கிகள் அந்த இறந்த நியூட்ரோபில்களை விழுங்கும். விழுங்குகிற அந்தச் செயலே பெருவிழுங்கியின் குணத்தை மாற்றிவிடுகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் அதிசயம். அதுவரை சண்டைக்கு நின்ற கலம் இப்போது கட்டுமான வேலைக்கு மாறுகிறது. புதிய இரத்தக் குழாய் முளைக்கச் சொல்லும் காரணியை விடுகிறது. தோல் கலங்களைப் பெருகச் சொல்கிறது, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நெய்யச் சொல்கிறது, சண்டைக்காரக் கலங்களை அமைதியாகச் சொல்கிறது. வேலை முடிந்ததும் எல்லோரும் கலைந்து போக, ஒரு மெல்லிய தழும்பு மிஞ்சும்.

பெருவிழுங்கிகளைப் பற்றிய அறிவு ஒரு முள்ளில் தொடங்கியது. 1882இல் இத்தாலியின் மெசினாக் கடற்கரையில், இலியா மெச்னிகோவ் நட்சத்திரமீன் குடம்பிக்குள் ரோசா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் ஊர்ந்து வந்து மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். காலில் ஏறிய முள் வெளியே வரும்வரை அந்த இடம் சிவந்து, சீழ் கட்டி, நொந்துகொண்டே இருக்கும்.

அக்காவின் தழும்பில் முள் வெளியே வரவே இல்லை. முள் என்றால் இங்கே கச்சானும், மடக்கி நீட்டும் முழங்காலும், உப்பும், புண்ணில் குடியேறிய கிருமிகளும். காயம் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் திறந்தது. நியூட்ரோபில்கள் கலைந்து போகாமல் மறுபடி மறுபடி வந்தன. கிருமிக்கென்று அவை கொட்டும் தாக்கப் பொருட்கள் பக்கத்தில் பெருகிக்கொண்டிருக்கும் தோல் கலங்களின் டிஎன்ஏயையும் காயப்படுத்தும். பிரியாமல் சும்மா இருக்கும் கலத்தில் டிஎன்ஏ சேதம் பெரிய ஆபத்தில்லை, திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். புண்ணின் ஓரத்திலோ கலங்கள் மூடவேண்டும் என்று இடைவிடாமல் பிரிந்துகொண்டிருந்தன. பிழை திருத்தப்படாமலே அடுத்த பிரதிக்குப் போய்விடும். புற்றுநோய் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்ததன் காரணமும் இதுவே. நடுவில் தோல் கலமே இல்லை.

பெருவிழுங்கிகளும் சண்டைக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்கின்றன. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்று அவை விடும் செய்திகள் தோல் கலத்துக்குள் போய், "சாகாதே, பிரி" என்று சொல்லும் பாதைகளைத் திறந்து வைக்கின்றன. காயம் ஆற அது அவசியமான கட்டளை. டிஎன்ஏ பழுதான, சாகவேண்டிய ஒரு கலத்துக்கும் அதே கட்டளைதான் போய்ச் சேர்கிறது. கட்டி ஒன்று உருவானபின் பெருவிழுங்கிகள் அதற்கு இரத்தக் குழாய் அமைத்துக் கொடுக்கும். நொதியங்களால் வழி வெட்டிக் கொடுக்கும். போதாததற்கு, அதைக் கொல்ல வரும் டி கலங்களை (லிம்போசைட்டுகளில் ஓர் இனம்) அடக்கவும் செய்யும்.

ருடோல்ஃப் வேர்க்கோ 1863இலேயே கட்டிகளுக்குள் வெள்ளைக் கலங்கள் இருப்பதைக் கவனித்து, நாட்பட்ட உறுத்தலோடு அதைத் தொடர்புபடுத்தினார். 1986இல் பொஸ்ரனில் ஹரல்ட் டிவோரக், புற்றுக்கட்டி என்பது ஆறாத காயம் என்று எழுதினார். காயத்தில் இரத்தக் குழாய்களைக் கசியவும் முளைக்கவும் வைக்கும் அதே காரணியைக் கட்டிகளிலும் அவருடைய குழு கண்டிருந்தது. அவர் உவமையாகச் சொன்னதை நான் அந்த வில்லையில் நேராகவே பார்த்தேன். எங்கே காயம் முடிந்து எங்கே கட்டி தொடங்குகிறது என்று கோடு போட முடியவில்லை.

நேர்வாளமும் எலியும்

அக்காவுக்கு விளங்கப்படுத்தும்போது எனக்குக் கைகொடுத்தது நேர்வாளம் என்ற விதை. நாட்டு வைத்தியத்தில் கடும் பேதிக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விதையின் எண்ணெய் தோலில் பட்டால் சிவந்து கொப்புளிக்கும். 1940களில் பெரன்பிளம் போன்றோர் எலித் தோலில் செய்த சோதனை இது. புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனம் ஒன்றை ஒரே ஒரு தடவை, மிகக் குறைந்த அளவில் தடவினால் கட்டி வருவது அரிது. நேர்வாள எண்ணெயை மட்டும் தொடர்ந்து தடவினாலும் அப்படியே. முதலில் அந்த இரசாயனத்தை ஒரு முறை தடவிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் நேர்வாள எண்ணெயைத் தடவினால் கட்டிகள் முளைத்தன. நேர்வாள எண்ணெய் டிஎன்ஏயை நேரடியாக மாற்றுவதில்லை. அது செய்வது தோலை விடாமல் அழற்சியில் வைத்திருப்பதும் கலங்களைப் பெருகத் தூண்டுவதும்.

அடுத்து 1999இல் வந்த முடிவுதான் எதிர்ப்புச் சக்தி மா விற்பவர்கள் கேட்க வேண்டியது. டிஎன்எஃப் என்ற அழற்சிச் சைட்டோகைனைச் செய்யவே முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளில் இதே சோதனையைச் செய்தார்கள். எதிர்ப்புத் தொகுதியின் ஒரு முக்கியமான ஆயுதம் இல்லாத எலிகள். அவற்றுக்குக் கட்டி கூடவேண்டும் என்றுதானே நினைப்போம்? மிகக் குறைவாகவே வந்தது.

சரி, அப்படியானால் எதிர்ப்புத் தொகுதியை அடக்கிவிட்டால் புற்றுநோய் வராதா என்று மகள் கேட்டார். நல்ல கேள்வி. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு, புது உறுப்பை உடம்பு தள்ளாமல் இருக்க எதிர்ப்பை அடக்கும் மருந்து வாழ்நாள் முழுதும் கொடுக்கிறோம். அவர்களுக்கு இதே செதிட்கலத் தோல் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு கூடுதலாக வருகிறது. கொல்லும் டி கலங்களும் இயற்கைக் கொல்லிக் கலங்களும் அன்றாடம் எத்தனையோ பழுதான கலங்களைக் கொன்று எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டும் உண்மை. எதிர்ப்புத் தொகுதி என்பது கூட்டிக் குறைக்கும் ஒரு பிடி வைத்த அடுப்பு கிடையாது. அதற்குள் பல கைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை. அக்காவின் காலில் அழற்சிக் கை ஓயாமல் ஓடியது, கொல்லும் கை கட்டுப்பட்டுக் கிடந்தது. அதைக் கட்டுப்படுத்துவது யார் என்றால், அங்கேயும் எதிர்ப்புக் கலங்கள்தான். ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் சொந்தத் திசுவை எதிர்ப்புத் தொகுதி தாக்காமல் பார்த்துக்கொள்பவை. ஷிமொன் சகாகுச்சி 1995இல் அவற்றை இனங்காட்டினார். அவருக்கும் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. இந்தக் கலங்கள் இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தின்னும். கட்டிக்குள் அவை சேர்ந்துவிட்டாலோ, கட்டியையும் சொந்தத் திசுவென்றே காவல் காக்கும்.

தழும்பு என்ற ஒளிவிடம்

மார்ஜொலின் புண்ணுக்கு மட்டும் இன்னொரு சிக்கல். தீக்காயத் தழும்பு கொலாஜனால் நெருக்கமாக நெய்த சுவர். இரத்தக் குழாய் குறைவு, நிணநீர்க் குழாய்கள் எரிந்து போனவை. பழுதான கலத்தைப் பற்றிய செய்தியை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோவதற்கும், அங்கிருந்து கொல்லும் டி கலங்கள் வருவதற்கும் வழி சரியாக இல்லை. அந்தச் சுவருக்குள் கட்டி நீண்ட காலம் கண்ணில் படாமல் வளர முடிகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதே சுவர் அது வெளியே பரவாமலும் தடுக்கிறது. சுவரைத் தாண்டி நல்ல திசுவுக்குள் வந்துவிட்டால் நிணநீர் வழி திறந்துவிடும். சாதாரணத் தோல் புற்றுநோயைவிட இது வேகமாகக் கணுக்களுக்குப் போகிறது.

அதனால் அரையில் இருந்த அந்தக் கணு எங்களைப் பயமுறுத்தியது. ஊசியால் உறிஞ்சிப் பார்த்தோம். புற்றுநோய்க் கலம் இல்லை. லிம்போசைட்டுகள் பெருகி வீங்கிய கணு, அவ்வளவுதான். நீண்டநாள் புண்ணுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வீங்கியிருந்தது. ஊசி தவறவிட்டிருக்கலாம் என்பதால் சிடி ஸ்கானும் எடுத்தோம். அரையிலும் அடிவயிற்றிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை.

சிகிச்சை

2023 ஜூனில் சத்திரசிகிச்சை. கட்டியைச் சுற்றி 2 சென்ரிமீற்றர் நல்ல எல்லையோடு, கீழே தசையுறை வரை எடுத்து, இறுகிய தழும்பையும் விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப்பட்டது. காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எல்லா எல்லைகளிலும் புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வந்தது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டதில், கதிர்ச் சிகிச்சை இப்போது வேண்டாம், நெருக்கமாகக் கவனித்தால் போதும் என்று முடிவானது.

வெட்டி எடுக்க முடியாத, பரவிய செதிட்கலத் தோல் புற்றுநோய்க்கு இன்று டி கலங்களின் கட்டை அவிழ்க்கும் மருந்துகள் உள்ளன. டி கலத்தின் மேல் பிடி-1 என்ற தடுப்பு இருக்கிறது. 1992இல் தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. அவரும் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே வருடம் அந்தத் தடுப்பை மறைக்கும் செமிப்லிமாப் என்ற மருந்து இந்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிய நிலையில் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரில் கட்டி சுருங்கியது. விலை எங்கள் நோயாளிகளால் நினைத்தும் பார்க்க முடியாதது. இந்த அக்காவுக்கு அது தேவைப்படவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு விடயம் என்னை உலுக்கியது. இரும்புக் குளிசையை நாங்கள் கூட்டவில்லை, இரத்தமும் ஏற்றவில்லை. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.4. ஈஎஸ்ஆர் 22. புண் போனதும் இன்டர்லூக்கின்-6 குறைந்து, ஹெப்சிடின் குறைந்து, பூட்டியிருந்த இரும்பு வெளியே வந்துவிட்டது. "இப்பதான் டொக்டர் படி ஏறினா இளைக்குதில்ல" என்றார். அவருடைய களைப்புக்குப் பல வருடமாக வேலையையும் வயதையும் காரணம் சொல்லி வந்திருக்கிறோம்.

மா டின்னைப் பற்றி மகள் கேட்டார். அதில் உள்ளது மாவும் சீனியும்தான், குடித்தால் தவறில்லை, ஆனால் மறுபடி கடன்பட்டு வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடுங்கள், ஒட்டிய தோல் ஆறப் புரதம் வேண்டும் என்று சொன்னேன்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

மருந்து கட்டும் அறையில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. எந்தப் புண்ணுக்கும் முதல் நாள் திகதியும் அளவும் எழுதப்படும். மூன்று மாதம் தாண்டினால் பயொப்ஸிக்குப் போகும். பழைய தழும்பில் உள்ள புண் என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருப்பதில்லை. துண்டு எடுக்கும்போது ஓரத்திலிருந்து, நான்கு பக்கமும், எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று எழுதி. "அழற்சி மட்டும்" என்று முடிவு வந்தும் புண் வளர்ந்தால் மறுபடி எடுப்போம். அழற்சி என்ற சொல்லைப் பார்த்து ஆறுதல் அடைவதை நான் விட்டுவிட்டேன். தாதிமார்தான் இதில் என்னைவிடக் கூர்மை. ஓரம் தடிப்பதையும் மணம் மாறுவதையும் முதலில் கவனிப்பவர்கள் அவர்களே.

அக்காவுக்கு இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தப் புற்றுநோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள்தான் வரும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒட்டிய தோலையும் அரையையும் தடவிப் பார்க்கிறோம். கணு சிறுத்துவிட்டது. முழங்கால் முழுதாக நீள்கிறது. வாடிக்குப் போகிறார், ஆனால் உப்புத் தண்ணீரில் இறங்குவதில்லை, நிழலில் இருந்து கருவாடு தரம் பிரிக்கிறார். கச்சான் தொடங்கினால் காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் தடவி, மெல்லிய பருத்தித் துணியால் சுற்றிக்கொள்கிறார்.

போன கிளினிக்குக்கு வரும்போது வாடியில் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கையோடு கூட்டி வந்திருந்தார். கணுக்காலில் பழைய தீக்காயத் தழும்பு, அதில் இரண்டு மாதமாக மூடாத ஒரு சிறு புண். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சேலையை இழுத்து மூட, அக்காதான் விலக்கிக் காட்டினார். "டொக்டர், இவவுக்கு ஓரத்தில இருந்து எடுங்கோ" என்றார். நான்கு பக்கமும் எடுத்தோம். புற்றுநோய் இல்லை. புண் இன்னும் மூடவில்லை. தோல் ஒட்டுவதற்கு அடுத்த மாதம் திகதி போட்டிருக்கிறோம்.